சாண்டியாகோ – ஈஸ்டர் தீவு: 3,750 கி.மீ. தூரத்துக்குப் பறக்கும் நேரம் எவ்வளவு?

ஜூன் 4, காலை (கேள்வி)

சிலியின் சாண்டியாகோவிலிருந்து ஈஸ்டர் தீவின் மாத்தவேரி விமான நிலையத்துக்குப் போகலாமென்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூரம் காட்டும் தளம் ஒன்று 3,750 கி.மீ., 4 மணி 55 நிமிடம் என்கிறது. டிக்கெட்டில் காலை 9.30க்குக் கிளம்பி மதியம் 1.00க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது, அதாவது மூன்றரை மணி நேரம். திரும்பி வரும்போது 2.30க்குக் கிளம்பி இரவு 9.15க்கு வருகிறது, ஆறே முக்கால் மணி நேரம். போவதைப் போல இரண்டு மடங்கு நேரம் திரும்புவதற்கு ஆகுமா? எதை நம்புவது?

ஜூன் 4, இரவு

மூன்றையும் அப்படியே நம்ப வேண்டாம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். ஈஸ்டர் தீவு சிலியின் பெருநிலத்தைவிட இரண்டு மணி நேரம் பின்னால் இருக்கிறது. கோடையில் கடிகாரத்தை மாற்றினாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே மாற்றுகிறார்கள், அதனால் வித்தியாசம் எப்போதும் இரண்டு மணிதான்.

போகும்போது மூன்றரையோடு இரண்டைக் கூட்டுங்கள்: ஐந்தரை மணி நேரம். வரும்போது ஆறே முக்காலில் இரண்டைக் கழியுங்கள்: நாலே முக்கால். கடிகாரத்தைப் பார்த்தால் போவது சீக்கிரம், வருவது தாமதம். உண்மையில் வருவதுதான் சீக்கிரம். இந்தத் தடத்தில் கடிகாரமும் காற்றும் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பதால்தான் இந்தக் குழப்பம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

ஜூன் 5

மீதி முக்கால் மணி நேர வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காற்றிலிருந்துதான்.

தென் அரைக்கோளத்தில் 25 முதல் 35 பாகை வரை, பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசுகிறது. அங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இன்னும் பலமாக வீசும். சாண்டியாகோ 33 பாகையில், தீவு 27 பாகையில். மொத்தப் பாதையும் இந்தக் காற்றுக்குள்ளேயே கிடக்கிறது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். விமானம் காற்றில் மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் போகிறது, எதிர்காற்று 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைவேகம் 770. தூரத்தை அதால் வகுத்தால் 4 மணி 52 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, தரைவேகம் 930, நேரம் 4 மணி 2 நிமிடம். ஐம்பது நிமிட வித்தியாசம் வந்துவிட்டது. இதோடு ஓடுதளம் வரை உருண்டு போவது, மேலேறுவது, இறங்குவது என்று ஒரு அரை மணி நேரம். அப்புறம் விமான நிறுவனம் தாமதத்துக்காக முன்கூட்டியே போட்டுவைக்கும் சில நிமிடங்கள். டிக்கெட்டில் உள்ள ஐந்தரையும் நாலே முக்காலும் ஏறக்குறைய இப்படித்தான் வருகின்றன.

அந்தத் தளம் என்ன செய்திருக்கிறது? தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டியிருக்கிறது. 4 மணி 25 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்தால் 4.55. காற்று என்ற ஒன்றே இல்லாத பூமிக்கான விடை அது.

ஜூன் 5, பின்னிரவு

"போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடுகிறோம், ஆகவே போகவர மொத்தம் ஒன்றுதானே?" என்று கீழே ஒரு பதில். ஒன்றல்ல. மேலே உள்ள எண்களையே கூட்டிப் பாருங்கள்: காற்றோடு 8 மணி 54 நிமிடம், காற்றில்லாமல் 8 மணி 49. எதிர்காற்றுக்குள் நாம் இருக்கும் நேரம் அதிகம், பின்காற்றுக்குள் இருக்கும் நேரம் குறைவு. அதனால் காற்று பறித்தது முழுவதையும் திருப்பித் தராது. காற்று பலமாக ஆக இந்த இழப்பும் கூடும்.

ஜூன் 7

இந்தத் தடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

சாண்டியாகோவில் நின்று சரியாக மேற்கே முகம் வைத்து, இடமோ வலமோ திரும்பாமல் நேராகப் பறந்தால் எங்கே போய்ச் சேருவீர்கள்? வரைபடத்தைப் பார்த்தால் 33ஆம் பாகையிலேயே போய்க்கொண்டிருப்போம் என்று தோன்றும். உருண்டைமேல் அப்படி நடக்காது. பெருவட்டப் பாதையில், அதாவது உருண்டைமேல் இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய பாதையில், நேராகப் போகிறவர் மெல்ல மெல்ல நிலநடுக்கோட்டுப் பக்கம் சாய்வார். 3,750 கி.மீ. முடியும்போது 27 பாகைக்கு வந்திருப்பார். அங்கேதான் ஈஸ்டர் தீவு இருக்கிறது! கோளத் திரிகோணமிதிச் சூத்திரத்தில் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் போட்டால் கிளம்பும் திசை 270 பாகை, அதாவது சரியாக மேற்கு, என்று வருகிறது. தசமத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் பிசகு.

காகித வரைபடத்தில் கோல் வைத்துக் கோடு போட்டால் தூரம் எவ்வளவு கூடும் என்றும் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 20 கி.மீ., பறப்பில் ஒன்றரை நிமிடம். ஆகவே "பூமி உருண்டை, அதனால்தான் நேரம் மாறுகிறது" என்று சொல்வது இந்தத் தடத்துக்குப் பொருந்தாது. காற்றுக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஜூன் 8

நான் போனது ஒரு ஆகஸ்ட் மாதம். இருக்கைத் திரையில் படம் பார்க்காமல் வேக எண்ணையே பார்த்துக்கொண்டு போனேன். போகும்போது 740, 750 என்று நின்றது. வரும்போது 950ஐத் தாண்டியது. அதே ரக விமானம், போயிங் 787.

இறங்கியதும் இன்னொன்றைக் கவனித்தேன். மாத்தவேரியில் ஓடுதளத்துக்கு இணையாக முழு நீளத்துக்கு உருளுபாதை கிடையாது. விமானம் ஓடுதளத்தின் கோடிவரை போய், அங்கேயே திரும்பி, வந்த வழியே உருண்டு வந்து நிற்கிறது. படிக்கட்டில் இறங்கி நடந்தே கட்டடத்துக்குள் போகிறோம். விருந்தினர் விடுதிக்காரர்கள் பூமாலையோடு நிற்கிறார்கள். ஊர் ஹங்கா ரோவா, விமான நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். ஐந்தரை மணி நேரம் பறந்த பிறகு வீட்டு வாசலுக்குப் பத்து நிமிடத்தில் போய்விடலாம். பெருநகர விமான நிலையங்களில் வரிசையில் நிற்கும் நேரத்தையும் பயணக் கணக்கில் சேர்க்கிறவர்கள் இதையும் சேர்க்க வேண்டும்.

ஜூன் 11

"நடுவழியில் ஏதாவது ஆனால்?" இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன்.

சென்னை–டில்லி தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெறும் கடல். வழக்கமாக விமானம் கிளம்பும்போதே சேருமிடம் மூடினால் போக மாற்று நிலையம் ஒன்றைக் குறித்துக்கொண்டு அதற்கும் எரிபொருள் போடுவார்கள். மாத்தவேரிக்கு மாற்று நிலையம் எது? மேற்கே தஹிதியின் பப்பியேட்டே 4,250 கி.மீ. கிழக்கே திரும்பினால் சாண்டியாகோவேதான். இடையில் சான் ஃபெலிக்ஸ் தீவில் சிலிக் கடற்படையின் ஓடுதளம் ஒன்றும், ராபின்சன் குரூசோ தீவில் சிறு விமானங்களுக்கான ஓடுதளம் ஒன்றும் உண்டு. இரண்டுமே சிலிக் கரைப் பக்கம்தான், தீவுக்குக் கிட்டப் போனவருக்கு உதவாது.

இப்படிப்பட்ட இடங்களைச் சர்வதேச விதிகள் தனித்த விமான நிலையம் என்று பிரித்து வைத்திருக்கின்றன. மாற்று நிலையத்துக்குப் பதில், சேருமிடத்தின் மேலேயே இரண்டு மணி நேரம் பறக்கப் போதுமான எரிபொருளோடு போக வேண்டும். மழை, மேகம் விலகும்வரை வட்டமடிக்கத்தான் அது. அந்த எரிபொருளின் எடையைச் சுமக்கவும் எரிபொருள் செலவாகிறது. இந்தத் தடத்து டிக்கெட் விலையைக் கிலோமீட்டரால் வகுத்துக் குறை சொல்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கட்டும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரே ஓடுதளம் என்பதால், முன்னால் போன விமானம் தரையிறங்கும்வரை பின்னால் வரும் விமானம் திரும்ப முடியாத புள்ளியைத் தாண்டுவதில்லை. முன்னது டயர் வெடித்து ஓடுதளத்தின் நடுவில் நின்றுவிட்டால் பின்னது எங்கே இறங்கும்? சிலருக்கு இது பயமாக இருக்கலாம். எனக்கு இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நிம்மதியாகப் பறக்க முடிந்தது. யாரோ உட்கார்ந்து எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 12

ஓடுதளம் பற்றி இரண்டு பேர் கேட்டதால் இது.

தீவுக்கு முதல் விமானம் 1951 ஜனவரி 20 அன்று வந்தது. ரொபெர்த்தோ பர்ராகே என்ற சிலி விமானப்படை அதிகாரி, மனுதாரா என்ற பெயர் கொண்ட கட்டலினா விமானத்தை லா செரேனாவிலிருந்து ஓட்டி வந்தார். சுமார் 19 மணி நேரம் பிடித்தது. சராசரி வேகம் மணிக்கு 200 கி.மீ.க்கும் குறைவு. இன்றுபோல் வழிகாட்டும் செயற்கைக்கோள் எதுவும் கிடையாது. 3,700 கி.மீ. தாண்டி, 25 கி.மீ. நீளம்கூட இல்லாத தீவு ஒன்றை நடுக்கடலில் கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்சம் கோணம் தவறினால் தீவு கண்ணில் படாமலே போய்விடும். 1967இல் பயணிகள் சேவை தொடங்கியது. அப்போது ஓடியவை நான்கு விசிறி எஞ்சின் கொண்ட டிசி-6 விமானங்கள்.

இப்போதுள்ள ஓடுதளம் 3,300 மீட்டருக்குச் சற்று அதிகம். சில ஆயிரம் பேர் வாழும் தீவுக்கு ஏன் இவ்வளவு நீளம்? நாசா நீட்டித்தது. கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து துருவச் சுற்றுப்பாதைக்கு விண்வெளி ஓடங்களை ஏவத் திட்டமிட்டிருந்தார்கள். அப்படி ஏவியது பாதியில் பழுதானால் இறங்க தெற்கே ஒரு நீண்ட ஓடுதளம் வேண்டியிருந்தது. 1986இல் சேலஞ்சர் வெடித்த பிறகு வாண்டன்பர்க் திட்டம் கைவிடப்பட்டது. ஓடுதள வேலை 1987இல் முடிந்தது. ஒரு ஓடமும் அங்கே இறங்கவில்லை. அந்த நீளத்தால்தான் இன்று எரிபொருள் நிறைந்த பெரிய ஜெட்கள் தாராளமாக ஏறி இறங்குகின்றன.

ஜூன் 16

இவ்வளவு நேரம் பேசியது எளிதான ஜோடி. ஒரு முனையில் பெருநகரம், நேரடி விமானம். இப்போது கடினமானதற்கு வருகிறேன்.

மாத்தவேரிக்கு மிக அருகிலுள்ள மனிதர் வாழும் தீவு பிட்கேர்ன், 2,075 கி.மீ. அங்கே விமான நிலையம் இல்லை. அதைத் தாண்டினால் பிரெஞ்சு பாலினீசியாவின் கம்பியே தீவுக்கூட்டத்தில் மங்கரேவா. அதன் விமான நிலையம் டோட்டெகெகி, பவளத்திட்டுமேல் கிடக்கிறது. இறங்கிப் படகேறித்தான் ஊரான ரிக்கிட்டேயாவுக்குப் போக வேண்டும். மாத்தவேரியிலிருந்து 2,600 கி.மீ., சாண்டியாகோவைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கிட்டே.

ஏதாவது ஒரு தளத்தில் இந்த இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள். மூன்றரை மணி நேரம் என்று காட்டும். அப்படி ஒரு விமானம் கிடையாது. டோட்டெகெகிக்கு வருவது தஹிதியிலிருந்து வரும் ஏடிஆர் விசிறி விமானம். பப்பியேட்டேயிலிருந்து 1,650 கி.மீ. அதற்கே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பயணிகளை ஏற்றிக்கொண்டு 2,600 கி.மீ. கடலைத் தாண்டி, அங்கே வட்டமடிக்க இரண்டு மணி நேர எரிபொருளும் வைத்துக்கொள்ள அதால் முடியாது. பெரிய ஜெட்டை நிரப்பும் அளவுக்கு இந்த இரண்டு தீவுகளுக்கு நடுவே ஆட்களும் இல்லை.

ஆகவே மங்கரேவாவில் இருப்பவர் முதலில் எதிர்த் திசையில் தஹிதிக்குப் போக வேண்டும். பெருந்தொற்றுக்கு முன் வாரத்துக்கு ஒரு விமானம் தஹிதிக்கும் ஈஸ்டர் தீவுக்கும் இடையில் ஓடியது. அதைப் பிடித்தால் மொத்தம் 5,900 கி.மீ. 2020 மார்ச்சில் தீவு மூடப்பட்டு, சுற்றுலாப் பயணிகளுக்கு 2022 ஆகஸ்டில்தான் திறந்தது.

அந்த விமானம் இல்லாவிட்டால்? தஹிதியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ், அங்கிருந்து சாண்டியாகோ, அங்கிருந்து தீவு. கூட்டினால் 21,000 கி.மீ. பூமியின் சுற்றளவில் பாதிக்கும் அதிகம். நேர்க்கோட்டில் 2,600.

ஜூன் 17

"லாஸ் ஏஞ்சலிஸ் எதற்கு, ஆக்லாந்து வழியாகப் போகலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போகலாம், அதுதான் குறைவு. பப்பியேட்டே–ஆக்லாந்து சுமார் 4,100, ஆக்லாந்து–சாண்டியாகோ 9,700, அப்புறம் 3,750. டோட்டெகெகியிலிருந்து எல்லாம் சேர்த்து 19,000 கி.மீ. சொச்சம். பாதையை மனதில் ஓட்டிப் பாருங்கள்: கிழக்கே உள்ள தீவுக்குப் போக மேற்கே தஹிதி, இன்னும் மேற்கே தேதிக்கோட்டைத் தாண்டி நியூசிலாந்து, பிறகு முழுப் பசிபிக்கையும் கிழக்காகக் கடந்து தென் அமெரிக்கா, அங்கிருந்து மறுபடி மேற்கே.

இதில் ஆக்லாந்து–சாண்டியாகோ பகுதியிலும் அதே மேற்குக் காற்றுதான். சாண்டியாகோ போக 11 மணி நேரம், ஆக்லாந்து திரும்ப 13 மணி நேரம் அளவில் ஆகும்.

ஜூன் 21

மங்கரேவாவை நான் சும்மா எடுக்கவில்லை. ஈஸ்டர் தீவின் ராப்பா நூய் மக்கள் பேசும் மொழியும் மங்கரேவா மொழியும் உறவுள்ளவை. முதலில் குடியேறியவர்கள் அந்தத் திசையிலிருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். உறவுக்காரர்களின் ஊர் போல இருக்கும் இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு விமானம்கூட இல்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

1999இல் ஹவாயின் ஹோக்குலெயா என்ற இரட்டைத் தோணி மங்கரேவாவிலிருந்து கிளம்பி ராப்பா நூய்க்கு, அதாவது ஈஸ்டர் தீவுக்கு, போனது. கருவி எதுவும் இல்லாமல், விண்மீன்களையும் அலையையும் பார்த்தே வழி கண்டார்கள். ஏறக்குறைய 17 நாளில் தீவைப் பிடித்துவிட்டார்கள்.

மேலே சொன்ன காற்றுக் கணக்கு இங்கே தலைகீழாகிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து வருகிறது, கிழக்கே போகும் ஜெட்டுக்கு அது துணை. கடல்மட்டத்தில் வருவதோ பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்குப் பக்கத்து வணிகக் காற்று. பாய்மரக்காரருக்கு முகத்தில் அடிக்கும். மேற்குக் காற்று வீசும் இடைவெளிகளைப் பயன்படுத்தித்தான் கிழக்கே போக வேண்டும். ஒரே இடத்தில், ஒரே நாளில், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் காற்று வீசுகிறது என்பதை யோசித்தால் அந்தப் பழைய மாலுமிகள்மேல் மரியாதை கூடுகிறது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. டோட்டெகெகி ஓடுதளமும் ஊர்க்காரர்களுக்காகப் போட்டதல்ல. 1960களில் பிரான்ஸ் பிரெஞ்சு பாலினீசியாவின் மொருரோவா பவளத்தீவில் அணுகுண்டுச் சோதனைகளைத் தொடங்கியபோது அந்த ஏற்பாட்டின் பகுதியாகப் போட்டார்கள். 1966 ஜூலை 2 அன்று நடந்த முதல் சோதனையின் கதிர்வீச்சுத் தூசி மங்கரேவாமேலேயே விழுந்தது. இங்கே விண்வெளி ஓடம், அங்கே அணுகுண்டு. இரண்டு தீவிலும் ஓடுதளம் வந்தது வெளியார் தேவைக்காக. இரண்டையும் இணைக்கும் விமானம் மட்டும் யாருடைய திட்டத்திலும் வரவில்லை.

ஜூன் 23

முதலில் கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் இணைப்பு விமானம் பற்றிக் கேட்டார், பொதுவாகவே சொல்கிறேன். தீவிலிருந்து இரவு 9.15க்கு வந்து, நள்ளிரவுக்கு முன் வேறு டிக்கெட்டில் சர்வதேச விமானம் பிடிப்பது வேண்டாம். தீவில் விமானம் தாமதமானால் பதிலுக்கு வர வேறொன்று பக்கத்தில் நிற்பதில்லை. சாண்டியாகோவில் ஒரு இரவு தங்கிவிடுங்கள். எனக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்த பயண முகவர் இதைச் சொல்லவில்லை, கிளம்பும் வாரத்தில் நானே பணம் கட்டி மாற்ற வேண்டியிருந்தது.

ஜூன் 29

தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா, அசென்ஷன் தீவுகளுக்கு நடுவே இதே கணக்கு பொருந்துமா என்று புதிதாக வந்தவர் கேட்கிறார். தூரம் 1,300 கி.மீ., எம்ப்ரேயர் 190 விமானத்தில் இரண்டு மணி நேரம் அளவில். காற்றால் வரும் வித்தியாசம் இங்கே சிறியது.

செயின்ட் ஹெலினாவில் ஓடுதளம் கட்டி முடித்த பிறகு 2016இல் சோதனைப் பறப்பு நடந்தபோது, செங்குத்துப் பாறை விளிம்பில் காற்று திடீரென்று திசையும் வேகமும் மாறுவது தெரிந்தது. பெரிய விமானங்களைக் கொண்டுவரும் எண்ணத்தைக் கைவிட்டு, சிறிய எம்ப்ரேயரைக் கொண்டு 2017 அக்டோபர் 14 அன்றுதான் முறையான பயணிகள் சேவையைத் தொடங்கினார்கள். அது வருவது ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து. அசென்ஷனுக்கு நீட்டித்துப் போவது மாதம் ஒருமுறை. அதனால் இந்த ஜோடிக்குத் தூரக் கணிப்பானைத் திறக்கும் முன் அட்டவணையைத் திறந்து, மாதத்தில் எந்த வாரம் போகிறது என்று பார்த்துவிட்டு அலுவலகத்தில் விடுப்பு கேளுங்கள்.